அப்பாவின் கண்ணில் கோளாறு இல்லை

கேள்வி: எனக்கு வயது 34. சென்னையில் வேலை. கார்த்திகை மாதம் எங்கள் ஊர்க் கண்மாயில் சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுத்தேன். கரை தெளிவாக வந்தால் வானம் வெளுத்துவிடுகிறது. வானத்தைப் பார்த்து எடுத்தால் கரை கருத்துவிடுகிறது. கடைசியில் ஒரு செயலியில் இருந்த செவ்வானத்தை ஒட்டி, பெரிதாக அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். 40 வருஷம் அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் விவசாயம் பார்த்தவர். இப்போது மூட்டுவலியோடு எங்களுடன் இருக்கிறார். படத்தைப் பார்த்து, “இது எந்த ஊருப்பா?” என்றார். அவருக்கும் கண் மங்கிவிட்டது. வானம் வெளுக்காமல் எடுக்க நல்ல ஃபில்டர் சொல்லுங்கள். இரண்டு படங்களையும் இணைத்துள்ளேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஃபில்டர் கிடக்கட்டும் தம்பி. “அவருக்கும் கண் மங்கிவிட்டது” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு வாருங்கள்.

உங்கள் அசல் படத்தில் தண்ணீர் மேல் வெளிச்சம் இடது ஓரத்தில், மடைப் பக்கமாக நீளக் கிடக்கிறது. ஒட்டிய படத்திலோ சூரியன் வலது பக்கம், பனைகளுக்கு மேலே இருக்கிறது. தண்ணீரில் வெளிச்சம் மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கிறது. கார்த்திகையில் சூரியன் நேர் மேற்கில் விழுவதில்லை, தெற்கே ஒதுங்கித்தான் விழும். ஆனியில் வடக்கே போய்விடும். நம் ஊர்ப் பக்கம் இந்த இரண்டு கோடிக்கும் இடையே சுமார் 47 டிகிரி. நீங்கள் கார்த்திகைத் தண்ணீருக்கு மேல் ஆனிச் சூரியனை வைத்திருக்கிறீர்கள். 40 வருஷம் அந்தக் கரையில் நின்றவர் அது தன் ஊர் இல்லை என்கிறார். அவர் கண்ணுக்கு என்ன குறை?

வயதானவர்கள் ஒன்று கேட்டால் அதைக் காது கேட்காததிலும் கண் மங்கியதிலும் ஞாபகமறதியிலும் போட்டு மூடிவிடும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. பெற்றவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது பிள்ளையின் கடமை. “வானம் சரியா வரலப்பா, வேற வானத்த ஒட்டிட்டேன்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வெளுத்த வானத்தோடு அசலைக் கொடுத்திருந்தாலே, மடையைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

வானம் ஒட்டுவது புதிதில்லை என்பீர்கள். உண்மைதான். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அதிகம் வாங்கியதால் வானம் வெளுத்தது, அவருக்கு வேறு வழி அதிகம் இல்லை. உங்கள் கையில் இருக்கும் கேமராவுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது.

அஸ்தமன நேரத்தில் வானத்துக்கும் நிழலில் கிடக்கும் கரைக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஐந்து ஸ்டாப் 32 மடங்கு ஆகிறது. கருத்த கரையைப் பார்த்த கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வானம் போய்விடும். அதனால் கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பாக எடுங்கள், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 100-இல் வையுங்கள், கேமரா வாங்கும் ஒளியை, அதாவது எக்ஸ்போஷரை, ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். கேமரா திரையில் இடது ஓரம் இருட்டையும் வலது ஓரம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். செவ்வானத்தில் முதலில் நிரம்பி வழிவது அதுதான். சிவப்பு வலது சுவரில் முட்டினால் இன்னும் குறையுங்கள். ரா கோப்பில் இருட்டைப் பிறகு ஓரளவு தூக்கிவிடலாம். வெளுத்துப்போன இடத்தில் தூக்குவதற்கு ஒன்றுமே இருக்காது. சூரிய வட்டம் மட்டும் வெள்ளையாக நின்றால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்ட ஃபில்டர், மேல்பாதி கருத்த கண்ணாடி (ஜிஎன்டி என்பார்கள்), கடற்கரைக்குச் சரி. உங்கள் படத்தில் பனை வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் தலையையும் சேர்த்துக் கருக்கிவிடும். பணத்தை வீணாக்காதீர்கள். ட்ரைபாடில் நிறுத்தி, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, சரியான அளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என மூன்று எடுத்து ஒரே படமாகச் சேர்த்துவிடுங்கள். அதே இடம், அதே நிமிஷம், அதே சூரியன். அதில் பொய் இல்லை. காற்றில் ஓலை ஆடினால் மட்டும் பனைக்கு மூன்றில் ஒரு படத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டாதீர்கள். அடுத்த 20 நிமிஷத்தில் வானமும் தரையும் வெளிச்சத்தில் நெருங்கி வரும். அப்போது பெரும்பாலும் ஒரே படத்தில் இரண்டும் அடங்கிவிடும்.

பொங்கலன்றும் சூரியன் கார்த்திகையில் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் விழும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மூட்டுவலி என்றால் டிக்கியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள், கரை வரை கைத்தாங்கலாக நடத்திப் போங்கள். கேமராவை எங்கே நிறுத்துவது என்று அவரைக் கேட்டு நிறுத்துங்கள். ஒட்டுவானப் படம் சுவரில் தொங்கினால் அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.