பாட்டிலில் ஃபினைல்அலனின் என்று போட்டிருக்கிறதே?

கேள்வி: சர்க்கரை சேர்க்காத குளிர்பான பாட்டிலில், 'ஃபினைல்அலனின் உள்ளது, ஃபினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. கவனிக்காமல் இரண்டு மூன்று முறை குடித்துவிட்டேன். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஃபினைல்அலனின் விஷம் இல்லை. நம் உடம்பால் தயாரிக்க முடியாத, சாப்பாட்டிலிருந்தே வந்தாக வேண்டிய 9 அமினோ அமிலங்களில் (புரதத்தைக் கட்டும் கற்கள்) ஒன்று. உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் அது தேவை. பானத்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேம் செரிக்கும்போது இது வெளிவருகிறது. ஒரு கேனில் சுமார் 100 மில்லிகிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய அதைப்போல மூன்று மடங்கு இருக்கிறது.

சரி, எச்சரிக்கை யாருக்கு? கல்லீரலில் ஒரு நொதி இதை டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றுகிறது. டோபமைன், அட்ரினலின், தைராய்டு ஹார்மோன், தோலின் நிறமி எல்லாம் டைரோசினிலிருந்து வருபவை. சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாது. இந்தக் குறைதான் ஃபினைல்கீட்டோனூரியா. ஃபினைல்அலனின் ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைப் பாழாக்கிவிடும்.

இது தெரியவந்ததே ஒரு தாயின் பிடிவாதத்தால்தான். நார்வேயில் போர்க்னி எகலாண்ட், தன் இரண்டு பிள்ளைகளுக்கும் மூளை வளரவில்லை, அவர்களிடம் ஏதோ ஒரு வாடை வருகிறது என்று மருத்துவர் மருத்துவராக அலைந்தார். 1934-இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தப் பிள்ளைகளுடைய சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளை விட்டுப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாகப் பச்சை நிறம் வந்தது; அதைத் தொடர்ந்துதான் இந்தக் குறை பிடிபட்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. 1960-களில் ராபர்ட் கத்ரியின் ரத்தச் சொட்டுப் பரிசோதனை வந்த பிறகே, மூளை கெடுமுன் கண்டுபிடிக்க முடிந்தது.

உணவியல் நிபுணராக, இந்தக் குறையோடு பிறந்த ஒரு பெண் குழந்தையைக் கவனித்திருக்கிறேன். ஃபினைல்அலனின் நீக்கிய பால்மாவை அளந்து கொடுத்துவிட்டு, அப்புறம்தான் தாய்ப்பால். தாய்ப்பாலை அடியோடு நிறுத்தக் கூடாதா என்று அவள் அம்மா அழுதுகொண்டே கேட்டார். கூடாது என்றேன். ஃபினைல்அலனின் துளியும் இல்லாவிட்டால் அவளும் வளர மாட்டாள். வாரா வாரம் ரத்தம் பார்த்து அளவை மாற்றினோம். இன்று அவள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் போலப் படிக்கிறாள்.

உங்களுக்கோ, உங்கள் குடும்பத்திலோ, கணவர் குடும்பத்திலோ இந்தக் குறை இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் குடித்ததை மறந்துவிடுங்கள். பிரசவம் பார்க்கும் இடத்தில், குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனை உண்டா என்று மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள். பிறந்து 24 மணி நேரம் கழிந்தபின், முதல் சில நாட்களுக்குள் அதைச் செய்துவிட வேண்டும்.