ஒன்னு புள்ளியோட, ஒன்னு சருகு மாதிரி – ரெண்டும் வேற வேற பட்டாம்பூச்சியா?

நீங்க அனுப்பின ரெண்டு படத்துலயும் இருக்கறது வேற இல்லங்க, ரெண்டுமே காமன் ஈவினிங் பிரவுன்ங்கற பட்டாம்பூச்சிதான், அறிவியல் பேரு மெலனிடிஸ் லீடா. அக்டோபர்ல எடுத்த படத்துல இருக்கறது மழைக்கால உருவம், அதான் இறக்கைக்கு அடியில வரிசையா கண்ணுப் புள்ளி, பிப்ரவரில எடுத்தது வறண்ட காலத்து உருவம், புள்ளியெல்லாம் மங்கிப்போய் அப்படியே காஞ்ச இலை.

புழுவா வளர்றப்ப கிடைக்கிற வெப்பநிலைதான் பெரும்பாலும் இத முடிவு பண்ணுது. மழைக்காலத்துல புள்ளிய பாத்து குருவி கொத்தினா இறக்கை ஓரம்தான் கிழியும், உடம்பு தப்பிச்சுடும். வறண்ட காலத்துல தரை முழுக்க சருகு, அசையாம உக்காந்து மறையறதுதான் வழி, அங்க புள்ளி இருந்தா காட்டிக் குடுத்துடும். இன்னொரு அழகு, சருகு உருவத்துல ஒன்னு மாதிரி இன்னொன்னு இருக்காது, பழுப்பு, சாம்பல், செம்மண் கலர்னு அவ்வளவு வித்தியாசம், இதப் பாக்கறதுக்கே காட்டுக்குப் போலாம்.

இது காமன் ஈவினிங் பிரவுன்தான்னு உறுதி பண்ணனும்னா இறக்கையோட மேல்பக்கம் தெரியற படம் வேணும். முன் இறக்கை நுனிகிட்ட கருப்புத் திட்டு, அதுக்குள்ள ரெண்டு வெள்ளைப் புள்ளி, பக்கத்துல ஆரஞ்சு இருக்கான்னு பாருங்க. உக்காந்தா இறக்கைய மூடிக்கும், அதனால இருட்டற நேரத்துல பறக்கறப்ப முயற்சி பண்ணுங்க.

ஆனா உங்க படம் மேற்குத் தொடர்ச்சி மலைல எடுத்ததுன்னா கொஞ்சம் ஜாக்கிரதை, அங்க இதே மாதிரி இருக்கற டார்க் ஈவினிங் பிரவுன், கிரேட் ஈவினிங் பிரவுன் ரெண்டும் உண்டு, அடிப்பக்கத்த மட்டும் வெச்சு அடிச்சு சொல்ல முடியாது.