ஒரே தோல்வியில் முடிந்துவிடும் பருவம்: பள்ளிக் கால்பந்து அணியை ஜூன் முதல் தயார்செய்வது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டினம் அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி பயிற்சியில் நன்றாகவே ஆடுகிறது. ஆனால் அருகிலுள்ள பள்ளிகள் மோதும் முதல் கட்டமான குறுவட்டப் போட்டியில் ஒரு கோல் வாங்கியதும் மாணவர்கள் தளர்ந்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு சமநிலையில் முடிந்த ஆட்டத்தை டை-பிரேக்கரில் (பெனால்டி உதைகளில்) இழந்து வெளியேறினோம். இவர்களுக்கு மனஉறுதி இல்லை என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பருவத்தை எப்படித் திட்டமிடுவது, மனத்தளவில் இவர்களை எப்படித் தயார்செய்வது?

பதில்: மனஉறுதி இல்லை என்ற முடிவுக்கு வருவதற்கு முன், உங்கள் மாணவர்கள் ஓர் ஆண்டில் உண்மையான ஆட்டம் எத்தனை ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குறுவட்டப் போட்டி நாக்-அவுட் முறையில் நடப்பதால், முதல் நாளே தோற்கும் அணிக்கு அந்த ஒரே ஆட்டம்தான் முழுப் பருவமும். பயிற்சியின்போது இரண்டாகப் பிரிந்து ஆடுகையில் கோல் விழுந்தால் எவரும் எதையும் இழப்பதில்லை. மறுநாள் அணிகளே மாறிவிடும். பின்தங்கிய நிலையிலிருந்து ஆடிப் பழகும் வாய்ப்பே கிடைக்காத மாணவர்கள், அந்த நிலைமையை முதன்முதலாகக் குறுவட்டத்தில் சந்திக்கும்போது திகைத்துப்போவது இயல்பு. ஆகவே மனப்பயிற்சியைத் தனியாக ஒரு சொற்பொழிவாக வைத்துக்கொள்ளாமல், ஜூன் மாதப் பயிற்சி அட்டவணைக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பதே என் ஆலோசனை.

அட்டவணையைக் குறுவட்டப் போட்டி நடக்கக்கூடிய வாரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். தேதி அறிவிக்கப்படும்வரை காத்திராமல், சென்ற ஆண்டு நடந்த வாரத்துக்கும் ஒரு வாரம் முன்பே வந்துவிடும் என்று வைத்துக்கொள்வது நல்லது. வயதுச் சான்று, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் பதிவு) விவரம், பெற்றோர் ஒப்புதல் ஆகியவற்றைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால், கடைசி நேரத்தில் ஒரு நல்ல வீரரைத் தாளின் பொருட்டு இழக்க நேராது.

கோடை விடுமுறையில் உங்கள் பகுதி மாணவர்கள் பலர் மாந்தோப்புகளுக்கோ ஓசூர், பெங்களூரு பக்கம் வேலைக்கோ போய் வந்திருப்பார்கள். உடல் உழைத்திருக்கும், ஆனால் ஓடித் திரும்பும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். முதல் நாளே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னால் தொடைத் தசையில் பிடிப்பும் கணுக்கால் வலியும்தான் மிஞ்சும், அதுவும் நம் செம்மண் தரை இறுகிக் கிடக்கும் நாட்களில். காயங்களைக் குறைப்பதற்காக ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ என்ற வார்ம்-அப் முறை சுமார் 20 நிமிடங்களில் முடியக்கூடியது. பந்தைத் தவிர வேறு கருவி எதுவும் தேவையில்லை. அதை ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் செய்வித்தால் முதல் இரண்டு வாரங்களுக்கான உடல் தயாரிப்பில் பாதி முடிந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி போதுமானது. மதிய உணவுக்கும் மாலைப் பயிற்சிக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விழுவதால், ஆளுக்கொரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கிடைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். கவனம் சிதறுகிறது என்று நாம் குறைகூறும் மாணவர்களில் பலர் வெறும் வயிற்றோடு நிற்பவர்கள்.

மூன்றாம் வாரம் முதல் ஆட்டங்கள் தொடங்க வேண்டும். இங்கே உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காரிமங்கலம் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான் என்றாலும் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. குறுவட்டத்திலும் வருவாய் மாவட்ட அளவிலும் அந்தப் பள்ளிகளை நீங்கள் எதிர்கொள்ளப்போவதில்லை. எனவே இரு தரப்பும் எதையும் மறைத்துவைக்க வேண்டிய தேவையின்றி முழு வலுவோடு ஆடலாம். நடுவரை வைத்து, ஜெர்சி அணிந்து, குறுவட்டத்தில் பின்பற்றப்படும் அதே நேர அளவில் ஆடுங்கள். முடிந்தால் ஓசூர்ப் பள்ளி ஒன்றுடனும் ஓர் ஆட்டம் ஏற்பாடு செய்யுங்கள். நல்ல பூட்ஸும் ஒரே மாதிரிப் பைகளுமாக இறங்கும் அணியைப் பார்த்தவுடனேயே கிராமப்புற மாணவர்கள் மனத்தளவில் ஒரு கோல் பின்தங்கிவிடுவதுண்டு. அந்தக் கூச்சம் முன்கூட்டியே ஒருமுறை ஆடித்தான் தெளியும்.

இனி நீங்கள் கேட்ட முதல் சிக்கலுக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒரு பயிற்சியிலாவது முதல் அணி 0–1 என்று பின்தங்கியிருப்பதாகவும் 12 நிமிடங்களே மீதமிருப்பதாகவும் அறிவித்து ஆட்டத்தைத் தொடங்குங்கள். தோற்கும் தரப்பு வலையைச் சுருட்டி வைக்க வேண்டும் என்பதுபோல் சிறிய விளைவு ஒன்று இருக்கட்டும். அதைவிட முக்கியமானது, கோல் விழுந்த அடுத்த அரை நிமிடத்தில் யார் என்ன செய்வது என்பதை முன்பே வகுத்துவைப்பது. வலையிலிருந்து பந்தை எடுத்து நடு வட்டத்துக்குக் கொண்டுவருவது நடுத் தடுப்பாட்டக்காரரின் பொறுப்பு. கோல்கீப்பரிடம் போய் ஒரு வார்த்தை சொல்வது கேப்டனின் பொறுப்பு. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் முதல் இரண்டு நிமிடங்கள் நீண்ட உதைகளைத் தவிர்த்துக் குறுகிய பாஸ்களிலேயே பந்தை வைத்திருப்பது எல்லோருடைய பொறுப்பு. ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்னதாக முடிவுசெய்துவைப்பவர்கள் நெருக்கடியில் அதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட ஒன்று. ‘தைரியமாக ஆடுங்கள்’ என்ற அறிவுரையை வைத்துக்கொண்டு பதினாறு வயது மாணவர் எதைச் செய்ய முடியும்? பந்தை எடுத்து வா என்றால் செய்வார்.

டை-பிரேக்கர் வெறும் அதிர்ஷ்டம் என்று கருதுவோர் நம்மிடையே அதிகம். நான் அதை ஏற்பதில்லை. பெரிய போட்டிகளின் பெனால்டி உதைகளை ஆராய்ந்த நார்வே உளவியலாளர் கெய்ர் யூர்டெட், விசில் ஒலித்ததும் அவசரமாக ஓடி உதைத்தவர்கள் சற்று நிதானித்தவர்களைவிட அதிகம் தவறவிட்டதைக் காட்டியிருக்கிறார். பந்து இருப்பது கோல் கோட்டிலிருந்து 11 மீட்டரில். ஆனால் உண்மையான சோதனை நடு வட்டத்திலிருந்து அந்தப் புள்ளிவரை தனியாக நடந்துவரும் நேரத்தில்தான் இருக்கிறது. ஆகவே பயிற்சி முடிந்து களைத்திருக்கும் வேளையில், மற்றவர்கள் நடு வட்டத்தில் நின்று பார்க்க, ஆளுக்கு ஒரே ஓர் உதை மட்டும் கொடுங்கள். வரிசையாகப் பத்துப் பந்து உதைப்பதால் கால் பழகுமே தவிர, மனம் பழகாது. எந்தப் பக்கம் என்பதை நடக்கத் தொடங்கும் முன்பே முடிவுசெய்து, பந்தைத் தானே வைத்து, விசிலுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு உதைக்கும் ஒழுங்கை ஒவ்வொருவரும் தமக்கென அமைத்துக்கொள்ளட்டும். ஆட்டம் முடியும் விசிலின்போது களத்தில் இருப்பவர்கள் மட்டுமே உதைக்கலாம் என்பதால், கடைசி நிமிடங்களில் யாரை மாற்றுகிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. சென்ற ஆண்டு தவறவிட்ட மாணவர் இன்னும் அணியில் இருந்தால், அவரைத் தனியே அழைத்து விருப்பத்தைக் கேளுங்கள். கட்டாயப்படுத்தவும் வேண்டாம், பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீக்கவும் வேண்டாம்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கோல் விழுந்ததும் மாணவர்கள் முதலில் பார்ப்பது கோட்டருகே நிற்கும் ஆசிரியரின் முகத்தை. அங்கே கோபமோ ஏமாற்றமோ தெரிந்தால் மேற்சொன்ன பயிற்சி அனைத்தும் வீணாகும். இடைவேளையில் முதலில் தண்ணீர் குடித்து மூச்சு வாங்க விடுங்கள். பிறகு இரண்டே செய்திகள் சொல்லுங்கள், அவற்றில் ஒன்று அவர்கள் சரியாகச் செய்துகொண்டிருப்பதாக இருக்கட்டும்.

பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோரை ஜூன் மாதத்திலேயே ஒருமுறை அழைத்து, பயிற்சி நாட்களையும் ஊருக்குத் திரும்பும் பேருந்து நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் திட்டு விழுமோ என்ற கலக்கத்தோடு ஆடும் மாணவரிடம் ஆட்டத்தில் முழுக் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. பள்ளிகளுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியான சுப்ரதோ கோப்பைக்கான தகுதிச் சுற்றும் ஏறக்குறைய இதே காலத்தில் வரக்கூடும் என்பதால், அதற்கென வேறு திட்டம் வகுக்காமல் இதே அட்டவணையின் ஒரு கட்டமாக அதைக் கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் ஆட்டத்திலேயே தோற்க நேரலாம். நம் பள்ளிகளில் தோல்விக்கு மறுநாளே அணி கலைந்துவிடுகிறது. அடுத்த ஜூனில் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. இதைத் தவிர்க்க, போட்டிக்குப் புறப்படும் முன்பே, முடிவு எதுவானாலும் அடுத்த பத்து நாட்களுக்குள் காரிமங்கலம் பள்ளியோடு ஓர் ஆட்டம் என்று தேதி குறித்துவிடுங்கள். காலாண்டுத் தேர்வும் செப்டம்பர், அக்டோபர் மழையும் குறுக்கிடும் முன் அந்த ஆட்டம் நடந்துவிட வேண்டும். அதில் மூத்த மாணவர்களோடு 14 வயதுப் பிரிவிலிருந்து நான்கைந்து பேரையும் சேர்த்துக் களமிறக்குங்கள்.