எட்டு நயா பைசா

வணக்கம். நான் கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். நண்பர்களோடு பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறோம். 1957இல் கதை நடக்கிறது. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவி, முப்பது வயது, வாழ்க்கையில் நிறைவில்லாதவள். படப்பிடிப்புக்குத் திருப்பாதிரிப்புலியூரில் பழைய முற்றத்து வீடு ஒன்று கிடைத்துவிட்டது. முதல் காட்சியில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மழையைப் பார்க்கிறாள், கண்ணீர் வழிகிறது, 'இந்த நான்கு சுவருக்குள் என் வாழ்க்கை கரைகிறது' என்று அவள் குரல் பின்னணியில் ஒலிக்கிறது. எழுதிப் பார்த்தால் ஒட்டவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் அவள் மனம் புரிய வேண்டும். என்ன செய்யலாம்?

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒட்டாததற்குக் காரணம் அந்த வாக்கியம்தான். அது உங்களுடையது, அவளுடையதல்ல. கணவனுக்குக் கவர்மெண்டு உத்தியோகம், குடி கிடையாது, கை நீட்டுகிறவரில்லை, சொந்த வீடு. இப்படி ஒருத்தியிடம் 1957இல் யாராவது விசாரித்திருந்தால், 'எனக்கென்ன குறை, நல்லாத்தானே இருக்கேன்' என்றுதான் சொல்லியிருப்பாள். பொய்யும் சொல்லவில்லை. குறை என்று கைகாட்ட அவளுக்கு ஒன்றுமே இல்லை. அவள் கஷ்டமே அதுதான். அதனால் எதை இழந்தாள் என்று தேடாதீர்கள். அவளிடம் என்ன இருக்கிறது, அது எங்கே வீணாகப் போகிறது என்று பாருங்கள்.

எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அத்தை இருந்தார். நான் பார்க்கும்போது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால், சுவரில் கரிக்கட்டையால் பால் கணக்கு போடுவார். நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தச் சுவரைக் காட்டித்தான் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னார்.

1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்றிருந்தது 100 பைசாவாக மாறியது. அணாவும் உடனே போய்விடவில்லை, இரண்டும் சேர்ந்தே புழங்கின. கடைக்குக் கடை மாற்று அட்டவணை தொங்கியது. 1 அணாவுக்கு 6 பைசா, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19. அத்தை வீட்டில் நாளுக்கு மூன்றணா பால். பால்காரர் அட்டவணைப்படி நாளுக்கு 19 போட்டு, முப்பது நாளுக்கு 5 ரூபாய் 70 பைசா கேட்டார். அவர் ஏமாற்றவில்லை, அட்டவணை சொன்னதைத்தான் கேட்டார். மாமாவும் அதே அட்டவணையைப் பார்த்து எண்ணி வைத்துவிட்டார். அத்தை கதவோரம் நின்றபடி மனசுக்குள் போட்டுப் பார்த்தார். முப்பது மூன்றணா 90 அணா, அதாவது 5 ரூபாய் 10 அணா. பத்தணாவுக்கு 62 பைசாதான், மிஞ்சினால் ஒரு அரை பைசா. மூன்றணாவுக்கு உண்மையில் பதினெட்டே முக்கால்தான் வரும். தினமும் கால் பைசா கூடுதலாக ஏறி, மாதத்தில் எட்டுப் பைசா ஆகிவிட்டது.

"எட்டுப் பைசா கூடப் போகுதுங்க" என்றாராம். மாமா சிரித்துவிட்டு, "எட்டுப் பைசாவுக்கா இவ்வளவு கணக்கு?" என்று பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இதைச் சொல்லும்போது அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஆபீஸ்ல கணக்கு எழுதுறவருக்குத் தெரியலை, நான்தான் பிடிச்சேன்" என்றார். முப்பது வருஷம் கழித்தும் 5.70, 5.62 இரண்டும் அவருக்கு நினைவிருந்தது.

உங்களுக்கு வேண்டிய முதல் காட்சி இதுதான் என்று நினைக்கிறேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இருட்டு, சத்தம் மட்டும். அப்போது மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறப்பார்கள். செம்பு காலியாக இருக்கும்போது பால் கணீரென்று விழும், நிறைய நிறைய அடங்கிவிடும். அப்புறம் கரிக்கட்டை பிடித்த கை, முப்பதாவது கோடு. அவள் உதடு லேசாக அசைகிறது. பார்க்கிறவர்கள் மந்திரம் சொல்கிறாள் என்று நினைக்கட்டும். பெருக்கல் என்று பிறகுதான் தெரிய வேண்டும். திண்ணையில் ஆண்கள் நெய்வேலியைப் பற்றிப் பேசுவது காதில் விழட்டும். அந்த மே 20இல்தான் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார், ஆகவே பேச்சு பொருந்தும். அந்தப் பேச்சுக்கு நடுவில் அவள் எட்டுப் பைசாவைச் சொல்கிறாள். சிரிப்பு வருகிறது. அவள் முகத்துக்குக் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள், தயவுசெய்து.

பின்னணிக் குரல் வேண்டாம். மழையும் வேண்டாம், மே மாதம். இசை போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், அதற்குப் பதிலாகத் தூரத்தில் நீராவி இன்ஜின் கூவட்டும். ஸ்டேஷன் உள்ள ஊர், இயல்பாக இருக்கும்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய வீட்டுப் படத்தில் கேஸ் அடுப்பு மேடை தெரிகிறது. சிலிண்டர் கேஸ் 1955இல்தான் பம்பாயில் வந்தது. உங்கள் குமாஸ்தா வீட்டில் விறகடுப்புதான். அந்த மேடையை மறைத்துவிடுங்கள். மாவட்டத்தின் பெயர் எங்காவது எழுத்தில் வந்தால் தென்னார்க்காடு என்று இருக்க வேண்டும்.

1957 என்று பொறித்த ஒரு நயா பைசா வெண்கலத்தில் சின்னதாக இருக்கும். பழைய நாணயம் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணவன் கொடுத்த பணத்தில் அந்த எட்டும் போகட்டும். அவள் உள்ளே வந்து, ஈரத் துணியால் முப்பது கோட்டையும் துடைக்கிறாள். கரி முழுவதும் போகாது, சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் நிற்கும். அதன்மேல், அடுத்த மாதத்துக்கு, முதல் கோடு. படத்தின் தலைப்பை அங்கே போடுங்கள்.