தேயாத டயரையும் பத்திரப்படுத்துங்கள்: லாரி வாரண்டி மறுப்புக்குச் சட்ட ஆலோசனை

கேள்வி: சேலம் கோரிமேட்டில் வசிக்கிறேன். 2024 ஆகஸ்டில் சுமார் 18 லட்சம் ரூபாய்க்குப் புதிய ஆறு சக்கர லாரி ஒன்றைக் கடனில் வாங்கினேன். ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து காப்பிக்கொட்டை, மிளகு, சில்வர் ஓக் மரம் இறக்குகிறேன். மேலே போகும்போது உரமும் சிமெண்டும் ஏற்றுவேன். நானே ஓட்டுகிறேன், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மைத்துனர் ஓட்டுவார். 2025 மார்ச் 11 அன்று முன் இடது ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிந்தது. டீலர் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார். செப்டம்பரில் அதே இடத்தில் மறுபடியும் கசிந்தது. இப்போது முன் இடது டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்துவிட்டது. வலது டயர் நன்றாகத்தான் இருக்கிறது. "மலை ரோட்டில் ஓவர்லோடு அடித்தால் இப்படித்தான்" என்று டீலர் கையை விரிக்கிறார். டயர் கம்பெனியோ "வண்டியின் இயந்திரக் கோளாறு, எங்கள் பொறுப்பல்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டது. ஒன்றிரண்டு நடை ஒரு டன் கூடுதலாக ஏற்றியது உண்மை. எனக்கு வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் சட்டப் பிரிவுகளுக்குப் போகும் முன், இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். முன் டயர்கள் இரண்டையும் ஒரே நாளில் கழற்றி, இரண்டையும் வீட்டில் பூட்டி வையுங்கள். தேய்ந்த டயரைப் பழைய டயர் வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, நல்ல டயரைப் பின்னால் மாட்டி ஓட்டுவதுதான் லாரித் தொழிலில் வழக்கம் என்பது எனக்குத் தெரியும். உங்கள் வழக்கில் அப்படிச் செய்தால், இருக்கும் சாட்சிகளில் மிக வலுவான ஒன்றை நீங்களே ஒழித்தவராவீர்கள்.

காரணம் இதுதான். ஒரே லாரி, ஒரே பாரம், ஒரே ஓட்டுநர், சேலத்திலிருந்து ஏறும் அதே 20 கொண்டை ஊசி வளைவுகள். இவ்வளவும் பொதுவாக இருக்க, ஷாக் இரண்டு முறை கசிந்த பக்கத்து டயர் மட்டும் கெட்டு, ஷாக் நன்றாக இருக்கும் பக்கத்து டயர் கெடாமல் இருக்கிறது என்றால், அதிகப் பாரமும் மலைச்சாலையும்தான் காரணம் என்ற டீலரின் வாதத்துக்கு வலது டயரே மறுப்புச் சொல்லிவிடுகிறது. ஆகவே தேய்ந்த இடது டயரைக் காட்டிலும் தேயாத வலது டயரையே நான் பெரிய சாட்சியாகக் கருதுகிறேன். டயர்களை இடம் மாற்றிப் போட்டிருந்தால் இந்த வாதம் பலவீனமாகிவிடும் என்பதால், வாங்கிய நாளிலிருந்து இரண்டும் அதனதன் இடத்திலேயே ஓடினவா என்பதை நினைவுபடுத்தி எழுதி வையுங்கள்.

தேய்மானத்தின் வடிவமும் பேசும். காற்று குறைந்தாலும் பாரம் மிகுந்தாலும் டயரின் இரு ஓரங்களும் சுற்றிலும் ஏறக்குறைய ஒரே சீராகத் தேயும். காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும். வீல் அலைன்மென்ட் தவறினால் ஒரு பக்க ஓரம் தேயும், அல்லது கையை வைத்துத் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் அரம் போலவும் தட்டுப்படும். ஷாக் அப்சர்பர் எண்ணெய் இழந்தால் நிலைமை வேறு: பட்டை ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க ஆள் இல்லாமல் சக்கரம் குதித்துக் குதித்து இறங்குகிறது; இறங்கும் இடங்களில் மட்டும் ரப்பர் உராய்ந்து, வட்டத்தைச் சுற்றிலும் இடைவெளி விட்டு விட்டுக் குழி விழுகிறது. நீங்கள் "திட்டுத் திட்டாக" என்று எழுதியிருப்பது இதைத்தான் என்றால் அது உங்களுக்குச் சாதகம். ஆயினும் வீல் பேரிங் தளர்ந்தாலும், சக்கரம் பேலன்ஸ் இழந்தாலும், முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின்னில் ஆட்டம் இருந்தாலும் இதே போன்ற குழிகள் விழக்கூடும் என்பதை எதிர்தரப்பு வழக்கறிஞர் நிச்சயம் எடுத்து வைப்பார். அதனால் டயரைக் கழற்றும் அன்றே இந்த மூன்றையும், டீலரோடு தொடர்பில்லாத ஒரு பட்டறையில் சோதித்து, முடிவைத் தேதியோடும் கிலோமீட்டர் அளவோடும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது கடினமான வேலையல்ல. டயரைச் சுற்றி எட்டு இடங்களில் சாக்பீஸால் எண் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று அளவுகளை டெப்த் கேஜால் (டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் கருவி) எடுத்து, இரண்டு டயருக்கும் ஒரே தாளில் பதிவு செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள வரிசை எண்ணும், தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண்ணும் புகைப்படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். கைப்பேசிப் படங்களைத் தாக்கல் செய்யும்போது, பாரதீய சாக்ஷ்ய அதிநியம், 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் இணைத்துவிடுவது பின்னால் வரும் ஆட்சேபத்தைத் தடுக்கும். இரண்டாம் முறை கசிந்த ஷாக்கையும் டீலரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

மார்ச் மாதம் வண்டியைப் பட்டறையில் விட்டபோது டீலர் எழுதிய வேலைச் சீட்டின், அதாவது ஜாப் கார்டின், நகலை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள்; பார்த்தேன். முதல் வரியில் "ஜெனரல் செக்கப்" என்று அச்சிட்டிருக்கிறது. அதன் கீழே பேனாவில் "முன் இடது ஷாக் லீக், வாரண்டி" என்று சர்வீஸ் அட்வைசர் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். அந்த ஐந்து சொற்கள் உங்களுக்குப் பெரும் பலம். ஷாக் அப்சர்பர் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது என்று இனி அவர்கள் வாதிடுவது கடினம். ஒருமுறை வாரண்டியில் மாற்றிக் கொடுத்ததன் மூலம் குறை இருந்ததையும் பொறுப்பு தமது என்பதையும் அவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். செப்டம்பர் மாத ஜாப் கார்டில் உங்கள் புகார் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அது பொதுவாக எழுதப்பட்டிருந்தால், இன்றே மின்னஞ்சலில் விவரமாக ஒரு புகார் அனுப்பிப் பதில் கேளுங்கள்.

இனி, நீங்கள் நுகர்வோரா என்ற கேள்வி. லாரி வழக்குகள் பல இந்த வாசற்படியிலேயே விழுந்துவிடுகின்றன என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7) பிரிவு, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்ற சொல்லிலிருந்து விலக்குகிறது. ஆனால் சுயதொழில் மூலம் தம் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில், வாடகைச் சுமை ஏற்றத் தாமே ஓட்டுவதற்காக லாரி வாங்கியவரும் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டாகவே சொல்லியிருக்கிறது. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் தெளிவுபடுத்தியது. மைத்துனர் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓட்டுவது இந்த வரம்புக்குள் அடங்கும் என்பது என் கருத்து. வண்டியை முழுவதும் இன்னொருவரிடம் ஓட்டக் கொடுத்து வாடகை மட்டும் வாங்கியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். இந்த லாரியே உங்கள் குடும்பத்தின் பிழைப்பு, ஓட்டுவது நீங்கள் என்பதைப் புகார் மனுவிலேயே தனிப் பத்தியாக எழுதி, ஓட்டுநர் உரிமம், நடைக் கணக்கு, கடன் தவணை செலுத்திய வங்கிக் கணக்கு ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

கூடுதல் பாரம் ஏற்றியதை என்னிடம் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. உங்கள் வழக்கறிஞரிடமும் அப்படியே சொல்லுங்கள். எடைமேடை ரசீதுகளை எதிர்தரப்பு வரவழைக்கக்கூடும். மறைத்தது வெளிப்பட்டால் உங்கள் மற்றச் சொற்களின் மீதும் நம்பிக்கை போய்விடும். அதைவிட, எத்தனை நடை, எவ்வளவு என்பதை நேர்மையாகச் சொல்லி, அதே பாரத்தைச் சுமந்த வலது டயர் தேயவில்லை என்று காட்டுவதே பலம். இழப்பீட்டில் ஒரு பகுதி குறையலாம் என்பதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இனி ஏற்றாதீர்கள்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

யார் மீது வழக்கு? டீலர், வாகனத் தயாரிப்பாளர் இருவரையும் சேர்க்க வேண்டும். டயர் கம்பெனியைச் சேர்க்க வேண்டாம் என்பேன். அவர்கள் எழுதிக் கொடுத்த மறுப்புக் கடிதம் உங்களுக்குக் கோபமூட்டியிருக்கலாம். ஆனால் கோளாறு டயரில் இல்லை, வண்டியில் இருக்கிறது என்று டயரைப் பரிசோதித்த மூன்றாம் தரப்பு சொல்லும் ஆவணம் அது. அதை எழுதியவரை எதிராளியாக்கினால் சாட்சியை இழப்பீர்கள்.

சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். தயாரிப்பாளரின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. செலுத்திய விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே போதும். 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். குறையைச் சோதனையின்றி முடிவு செய்ய முடியாத நிலையில், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப 38(2) பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அதற்கான கட்டணத்தை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். டயர்களையும் ஷாக்கையும் பூட்டி வைக்கச் சொன்னது இந்தக் கட்டத்தையும் எண்ணித்தான்.

புது லாரி கேட்காதீர்கள். 2006-இல் ஒரு கார் தொடர்பான வழக்கில், வாரண்டியின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவது என்று கூறி, முழு வண்டியையும் மாற்றித் தரும் உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முன் சஸ்பென்ஷனை முழுமையாகச் சோதித்து, ஷாக் மீண்டும் மீண்டும் கசியும் காரணத்தைக் கண்டு களைந்து தருவது, டயரின் மீதி ஆயுளுக்கு உரிய விலை, பட்டறையில் வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பு, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு தொகை என்று நிரூபிக்கக்கூடியதைக் கேளுங்கள்.

வழக்கு முடியும்வரை அதே டயரில் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கோளாறு தெரிந்தே பொதுச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றம். இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்தீர்களா என்பதையும் ஆணையம் பார்க்கும். ஏற்காட்டு இறக்கத்தில் பாரத்தோடு வரும் லாரியின் முன் சக்கரம் தரையை விட்டுத் துள்ளுவது உங்கள் உயிரையும் எதிரே வருபவர் உயிரையும் பற்றிய விஷயம். சொந்தச் செலவில் இரண்டு ஷாக்கும் இரண்டு டயரும் மாற்றி, ரசீதுகளை வைத்துக்கொண்டு தொழிலைத் தொடருங்கள்.

டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், அவர்கள் தரும் பதிலும் தராத மௌனமும் பின்னர் பயன்படும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். டீலர் மறுத்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று வாதிட இடமுண்டு. அதை நம்பிக் காத்திருக்காமல், முதல் ஜாப் கார்டின் தேதியையே தொடக்கமாகக் கொண்டு, 2027 மார்ச் 10-ஆம் தேதிக்கு முன்பே தாக்கல் செய்துவிடுங்கள்.