செஸ் ஸ்டடி (வெள்ளை ஒரே வழியால வெல்லணும், இல்லாட்டி ட்ரோ எடுக்கணும் எண்டு இழைக்கிற நிலை) சரியா பிழையா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றன்

கல்லடித் தம்பி: அண்ணா, நான் செஞ்ச என்ட்கேம் ஸ்டடிய ஸ்டொக்ஃபிஷ் எண்ட செஸ் என்ஜின்ல போட்டன், என்ட மூவுக்கு +6 (வெள்ளை வெல்லுற அளவு) காட்டுது. அப்ப சரிதானே?

அது பாதிதான் தம்பி. உங்கட மூவ் வெல்லும் எண்டு தெரிஞ்சிட்டு, மற்ற மூவ் வெல்லாதெண்டு தெரியணுமே! என்ஜின் காட்டுற லைன் (மூவ் வரிசை) எண்ணிக்கைய அஞ்சாக்கிப்போட்டு வெள்ளைட ஒவ்வொரு மூவிலயும் நிண்டு பாருங்க, ரெண்டாவது லைனும் +6 எண்டா கதை முடிஞ்சி. நான் ரெண்டு கிழமையா இழைச்ச ஒண்டு மூணாவது மூவுல ராஜாவ சும்மா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாலும் வெல்லுது, கடைசி மூவு வடிவா இருக்கெண்டு அதையே பாத்துக்கொண்டு இருந்திட்டன்.

கல்முனைத் தங்கச்சி: நல்ல ஸ்டடி ஒண்டு வச்சி விளங்கப்படுத்துவீங்களா?

போட் எடுங்க. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, கோட்டை டி5. 1895ல கிளாஸ்கோ பத்திரிகை ஒண்டுல இது ட்ரோ எண்டுதான் வந்தது, பிறகு சாவேத்ரா எண்ட பாதிரியார் வெல்லலாம் எண்டு காட்டினார். சி7, கோட்டை டி6ல செக். இப்ப ராஜா சி5க்குப் போனா கோட்டை டி1, ராணியாக்கினதும் சி1ல செக், ராணி போயிடும். பி7க்குப் போனா கோட்டை டி7, சிப்பாயக் கட்டிப்போடும். அதால கோட்டை செக் குடுக்கக் குடுக்க ராஜா பி5, பி4, பி3 எண்டு இறங்கி சி2க்கு வரணும். கறுப்பு கோட்டை டி4, இதுதான் பொறி, ராணியாக்கினா சி4ல செக், வெட்டினா ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே கறுப்புக்கு மூவ் இல்ல, ட்ரோ). கோட்டையாக்கணும்! ஏ8ல மேட் வருது, கறுப்பு ஏ4ல மறிக்க ராஜா பி3, கறுப்புக் கோட்டையும் வெட்டுப்படும், சி1ல மேட்டும் நிக்குது. பிழைச்ச வழி ஒவ்வொண்டுக்கும் இப்பிடிக் காரணம் சொல்லேலுமெண்டா நம்பலாம்.

வாழைச்சேனை: கறுப்புக்கு ரெண்டு தற்காப்பு இருந்தா?

பரவாயில்ல, ரெண்டும் தோக்கணும், அவ்வளவுதான். ஒரே வழி எண்ட சட்டம் வெள்ளைக்கு.

அக்கரைப்பற்று: நான் செஞ்சது ட்ரோ ஸ்டடி, ஆறு காய்தான். டேபிள்பேஸ் (கொஞ்சக் காய் நிலை எல்லாத்துக்கும் முடிவு கணிச்சு வச்ச தொகுப்பு) கறுப்புக்கு ‘கேர்ஸ்ட் வின்’ எண்டு சொல்லுது, வெல்லலாம் ஆனா அம்பது மூவ் சட்டம் தடுக்கும் எண்டு. அம்பது மூவ் சட்டத்தால (வெட்டும் சிப்பாய் மூவும் இல்லாம அம்பது மூவ் போனா) ட்ரோதானே?

மெட்ச்சில ட்ரோ காக்கா, ஸ்டடியில இல்ல. ஸ்டடிக்கு அம்பது மூவ் சட்டத்த எடுக்கிறேல்ல, அதால அது கறுப்புக்கு வெற்றி, உங்கட ஸ்டடி பிழைச்சிட்டு. மனம் நோகும், தெரியும். சிசிஜி டேபிள்பேஸ் ராஜாக்களோட சேத்து ஏழு காய் வரைக்கும் முழுசா இருக்கு, அதுக்குள்ள வாதாட இடமில்ல.

கல்லடித் தம்பி திரும்ப: என்டதுல ஒம்பது காய் அண்ணா.

வெட்டு விழுந்து ஏழுக்கு வாற இடம் எல்லாத்தையும் டேபிள்பேஸ்ல பாருங்க, அதுக்கு முதல் இருக்கிற மூவெல்லாம் என்ஜினோட கையால பிசையணும். ராஜா சும்மா சுத்திப்போட்டு அதே நிலைக்குத் திரும்ப வாறது ரெண்டாவது வழி இல்ல, அது நேரம் கடத்துறது, அதப் பாத்து ஸ்டடியக் கிழிச்சி எறிஞ்சிடாதீங்க. படத்த அனுப்புங்க, இரவைக்குப் பாக்கிறன்.