ஈஸ்டர் எழுச்சி நினைவுப் பொருட்கள்: வாசகர் கேள்விகள்

(ஈஸ்டர் எழுச்சி: 1916-ல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த ஆயுதக் கிளர்ச்சி.)

கேள்வி: 1916 தொப்பி பேட்ஜ் என்று சொல்லி விற்றார்கள். நடுவில் ‘எஃப் எஃப்’ என்று இருக்கிறது. அயர்லாந்தின் ஃபியன்னா ஃபாயில் கட்சி 1926-ல்தானே தொடங்கியது? ஏமாந்துவிட்டேனா?

பதில்: அந்தப் பெயரைக் கட்சிதான் பின்னால் எடுத்துக்கொண்டது. கிளர்ச்சியில் சண்டையிட்ட ஐரிஷ் தொண்டர் படையின் பேட்ஜில் அந்த எழுத்துகள் அதற்கு முன்பே உண்டு. இன்றைய அயர்லாந்து ராணுவத் தொப்பியிலும் அவைதான். ஆகவே எழுத்தை வைத்து அசல் என்றும் சொல்ல முடியாது, போலி என்றும் சொல்ல முடியாது. பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஜோசியம்தான் சொல்லலாம்.

கேள்வி: ‘பிளாக் அண்ட் டான்’ பதக்கம் ஒன்று வந்திருக்கிறது. அட்டூழியம் செய்த பிரிட்டிஷ் படைக்குத் தந்ததைச் சேகரிப்பில் வைக்க மனம் வரவில்லை.

பதில்: வாங்குவதற்கு முன் நாலு வரி படித்திருக்கலாம். அந்தப் படையை எதிர்த்தவர்களுக்கு அயர்லாந்து அரசு 1940-களில் தந்த பதக்கம் அது. ரிப்பன் பாதி கறுப்பு, பாதி பழுப்பு. பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, மேலே ‘கோம்ராக்’ (ஐரிஷ் மொழியில் ‘சண்டை’) என்ற பட்டை இருக்கிறதா என்று. நேரடியாகச் சண்டையில் இருந்தவர்களுக்குப் பட்டையோடு, சுமார் 15,000. மற்றவர்களுக்குப் பட்டை இல்லாமல், சுமார் 50,000. விலை வித்தியாசம் பெரிது என்பதால் வெறும் பதக்கத்தில் பட்டையை மாட்டி விற்கும் ஆட்கள் உண்டு. ‘இன்னாருடையது’ என்று சொன்னால், டப்ளின் ராணுவ ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் அந்தப் பெயரைத் தேடுங்கள். இணையத்தில் இலவசம்.

கேள்வி: 1916 அயர்லாந்து சுதந்திரப் பிரகடனத்தின் மூலப் பிரதி எங்களிடம் இருக்கிறது. ஏழு தலைவர்களின் கையெழுத்தும் உண்டு. ஏ3 அளவு, நன்றாகப் பழுப்பேறிய தாள். என்ன விலை போகும்?

பதில்: ஃபிரேமின் விலை போகும். மாதம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. ஏற்கெனவே இதே பக்கத்தில் சொன்னதுதான், இன்னொரு முறை சொல்கிறேன். பிரகடனத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை; ஏழு பெயர்களும் அச்செழுத்து. அசல் தாள் சுமார் 30-க்கு 20 அங்குலம், ஏ3 அதில் பாதிகூட வராது. 1916 ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு அன்று டப்ளினில் தொழிற்சங்கக் கட்டடமான லிபர்ட்டி ஹாலில், ஒரு பழைய இயந்திரத்தில் அவசர அவசரமாக அடித்தது அது. அச்செழுத்து போதவில்லை. மேல்பாதியை அடித்து, கோத்த எழுத்துகளைக் கலைத்து, அவற்றையே எடுத்துக் கீழ்ப்பாதியைக் கோத்தார்கள். அதனால் இரண்டு பாதிக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லாப் பிரதியிலும் ஒன்றுபோல் இருக்காது. ஆங்கிலச் சின்ன ‘e’ எழுத்து இரண்டு வார்ப்புகளில் கலந்து கிடக்கும். மை ஓரிடத்தில் அப்பியும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும். மொத்தம் 1,000 பிரதிகள் அடித்திருப்பார்கள். மிஞ்சியவை ஐம்பதைத் தாண்டாது. உங்கள் பிரதியில் எல்லாம் சீராக, அழகாக இருக்கிறதா? அந்த அழகுதான் சந்தேகத்துக்கு முதல் காரணம். 1966-ல் பொன்விழாவுக்கு அடித்த நகல்கள் ஏராளம். தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் எந்தத் தாளும் பழுப்பாகும். கிளர்ச்சிக்காரர்களின் தலைமையகமாக இருந்த டப்ளின் தலைமைத் தபால் நிலையம்தான் ஜி.பி.ஓ.; ‘தாத்தா ஜி.பி.ஓ.வுக்குள் இருந்தார்’ என்ற கதையும் கூடவே வரும். எனக்கு வந்த கடிதங்களில் உள்ள தாத்தாக்களை எல்லாம் உள்ளே நிறுத்தினால், அந்தக் கட்டடம் பிரிட்டிஷ் பீரங்கி வரும் முன்பே இடிந்திருக்கும். ஃபிரேமைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: கிளர்ச்சிக்குப் பின் ஃப்ரோங்கோக் சிறை முகாமில் இருந்த கைதியின் ஆட்டோகிராஃப் புத்தகம். பின்னாளில் விடுதலைப் போரின் தலைவரான மைக்கேல் காலின்ஸ் எழுதிய பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து விற்கலாமா? ஒரு தாள் கிழிந்திருக்கிறது, செலோடேப் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த வேல்ஸ் முகாமில் சுமார் 1,800 பேர் இருந்தார்கள். காலின்ஸுக்கு முன்னும் பின்னும் யார் எழுதினார்கள் என்பதுதான் அவர் கையெழுத்துக்குச் சாட்சி. பக்கத்தைப் பிரித்தால் சாட்சி போய்விடும். அப்புறம், செலோடேப் என்ற சொல்லை இன்னொரு முறை எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: கிளர்ச்சியில் சிதைந்த டப்ளின் சாக்வில் தெரு இடிபாடுகளைக் காட்டும் அஞ்சலட்டைகள் அரிதா?

பதில்: இல்லை. அப்போதே கட்டுக் கட்டாக அடித்து விற்றார்கள். 1916 மே மாத முத்திரையோடு, யாராவது டப்ளினில் இருந்து நாலு வரி எழுதி அனுப்பியது என்றால் கதை வேறு. பின்பக்கம் பார்த்தீர்களா?